டச்சப் இல்லாமல் மூன்று படம்

டாக்டர் இன்னும் வரவில்லை. செல்போன் திரையில் 'மருத்துவர் சற்று நேரத்தில் இணைவார்' என்ற எழுத்து அப்படியே நிற்கிறது, கீழே ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பார்க்கப் பார்க்க எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. பருவுக்குப் போய் டாக்டரா, அதுவும் போனிலா என்று நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் நான். சுப்புத்தாய்தான் விடவில்லை. பிள்ளை காலேஜுக்குப் போகாம வீட்டோட கெடக்கா, ஒங்களுக்கு எல்லாம் வெளாட்டா இருக்கா என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள், பெண்டாட்டி கரண்டியோடு நிற்கும்போது எதிர்த்துப் பேசுகிற புருஷன் கோவில்பட்டியில் எவன் இருக்கிறான். சரி என்றேன். சரி என்று சொன்னபிறகு அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை நான். ஸ்டுடியோவிலிருந்து ஸ்டாண்டையும் வட்ட லைட்டையும் தூக்கிவந்து இந்த அறையில் போட்டு, மகள் செண்பகாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் போனை ஸ்டாண்டில் மாட்டி, லைட்டை நெற்றிக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி, முகத்தில் நிழலே விழாதபடி செய்துவிட்டேன். முகத்தில் மேடுபள்ளம் இருந்தால் நிழல்தான் காட்டிக்கொடுக்கும், நிழலை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, மீதியைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம். செண்பகா ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தால் அழுமூஞ்சியும் கல்யாண மூஞ்சி ஆகிவிடும் என்று ஊரே சொல்லும். கடைக்கு வைத்திருப்பதும் இவள் பெயர்தான். டச்சப்புக்குத் தனியாகக் காசு வாங்கமாட்டேன், அது என் கொள்கை. இருக்கிறவர்களுக்கு மட்டுமா, செத்தவர்களுக்கும்தான். கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸுக்கு என்று ரேஷன் கார்டிலிருந்து கிழித்த மாதிரி ஒரு படத்தைக் கொண்டுவந்து அழுதுகொண்டே நீட்டுவார்கள், நான் உட்கார்ந்து மரு, தழும்பு, அம்மை வடு, கண்ணுக்குக் கீழே கருப்பு, ஒன்றையும் விடாமல் எடுத்துவிட்டு அனுப்பினால், எங்கப்பா ராசா மாதிரி இருக்காரே என்று அங்கே ஒரு தனி அழுகை எழும்பும். அந்த அழுகைதான் நமக்கு மரியாதை. இவள் என்னவோ துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது வயது. பொங்கல் லீவு முடிந்து காலேஜுக்குப் போனவள் நாலே நாளில் பையைக் கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டு, மொகம் சரியானாத்தான் இனிமே போவேன் என்று சொல்லிவிட்டாள். வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வேப்பிலை அரைத்துப் போட்டோம், மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கினோம், சூட்டு உடம்பு, எண்ணெய் தேய்த்துக் குளி என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் சொன்னான். எனக்கு வேண்டியது ஒன்றுதான், இந்த டாக்டர் எதையாவது எழுதிக்கொடுத்து, பிள்ளை திங்கட்கிழமை பஸ் ஏறிவிட வேண்டும்.

வட்டம் நின்றது. வந்துவிட்டார், டாக்டர் ஃபர்ஹானா, சென்னை. என்ன இது, இவ்வளவு சின்ன வயதா, செண்பகாவுக்கு அக்கா மாதிரி இருக்கிறாரே, இவருக்கு என்ன தெரியும், பின்னால் சுவரில் ஒரு படிப்புச் சான்றிதழ் தொங்குகிறது, ஃபிரேம் நல்ல ஃபிரேம்தான், கண்ணாடியில் லைட் அடிக்கிறது, நான் மாட்டியிருந்தால் அடிக்காது. "வணக்கம் சார், வணக்கம் செண்பகா. நேத்து அனுப்பின மூணு போட்டோவையும் பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்லையே? ஸ்கின் ரொம்ப கிளியரா இருக்கு. வேற யாரோட போட்டோவையாவது மாத்தி அனுப்பிட்டீங்களா?" மாற்றி அனுப்புவதா, நானா? நேற்று நானே எடுத்தேன், முன்பக்கம் ஒன்று, இடது கன்னம் ஒன்று, வலது கன்னம் ஒன்று, எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயர் போட்டு, நடுவில் ஒருவன் ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்தான், அவனிடம் பேசிக்கொண்டே... பேசிக்கொண்டே என்ன செய்தேன்? கை மவுஸில் இருந்தது. ஒரு முகம் திரையில் வந்தால் என் கை சும்மா இருக்காது. நெற்றியிலிருந்து ஆரம்பித்துக் கன்னத்துக்கு இறங்கித் தாடையில் முடிப்பேன், அதற்கு யோசனையே வேண்டாம், சோற்றை வாய்க்குக் கொண்டுபோக எவனாவது யோசிப்பானா. செண்பகா துப்பட்டாவுக்கு மேலே என்னைப் பார்க்கிறாள். "அப்பா, டாக்டருக்கு அனுப்புறதையுமா தொடச்சிட்டீங்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோயைக் காட்டு என்று டாக்டர் கேட்டிருக்கிறார், நான் நோயைத் துடைத்துவிட்டு அனுப்பியிருக்கிறேன். சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான், நான் சிரிக்கவும் செய்தேன், ஹி ஹி தொழில் பழக்கம் டாக்டர் என்றேன், யாரும் கூடச் சிரிக்கவில்லை. டாக்டர் அமைதியாக, "பரவால்ல சார். அந்த லைட்ட ஆஃப் பண்ணிடுங்க. செண்பகா, ஜன்னல் பக்கம் திரும்பி உக்காருங்க, துப்பட்டாவ எடுங்க" என்றார். லைட்டை அணைத்தேன். துப்பட்டா இறங்கியது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, எதற்கோ ஸ்டாண்டின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. "எவ்வளவு நாளா வலி இருக்கு?" வலியா? பருவில் என்ன வலி, இவர் வேறு எதையோ கேட்கிறார் என்று நினைத்தேன். செண்பகா சொல்கிறாள், "ஒரு வருஷம் இருக்கும் டாக்டர். தலகாணில கன்னம் பட்டாலே முழிப்பு வந்துரும். மல்லாக்கத்தான் படுப்பேன்." ஒரு வருஷம். பக்கத்து அறையில் மல்லாக்கப் படுத்துக் கிடந்திருக்கிறாள், நான் குறட்டை விட்டிருக்கிறேன். வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார்.

இது மேலாகத் தெரிகிற பருவில் சேராதாம், உள்ளே ஆழத்தில் கட்டி கட்டியாக இருக்கிறதாம், விட்டால் பள்ளம் விழுந்து தழும்பாகிவிடுமாம், களிம்பு மட்டும் போதாதாம், மாத்திரை வேண்டுமாம். மாத்திரை கொஞ்சம் கடுமையானது, அதனால் ரத்தப் பரிசோதனை எடுக்கவேண்டும், சில கேள்விகள் கேட்கவேண்டும் என்றார். கேளுங்கள் டாக்டர், கேளுங்கள், நான் சொல்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார், என்னம்மா செய்யுது என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டாலும் வாய் திறப்பது அப்பனும் ஆத்தாளும்தானே. "இந்த மாத்திரை வயித்துல இருக்கற குழந்தைய பாதிக்கும். அதனால எல்லாப் பெண்கள்கிட்டயும் கேக்கறதுதான், சங்கடப்படாதீங்க. செண்பகா, நீங்க கர்ப்பமா இருக்க வாய்ப்பு..." என்று சொல்லும்போது டாக்டர் வாய் திறந்தபடி நின்றுவிட்டார். நெட்வொர்க் போய்விட்டது. வட்டம் மறுபடி சுற்றுகிறது. என்ன கேட்டார் இவர்? யாரிடம் கேட்டார்? அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? கதவு திறந்துதானே இருக்கிறது, சுப்புத்தாய்க்குக் கேட்டிருக்குமா, அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, அதில் கேட்டிருக்காது. பட்டென்று போனை அணைத்துவிடலாமா? இவள் ஏன் சும்மா இருக்கிறாள்? சீச்சீ, அதெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாமே, டாக்டருக்குக் கேட்காவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே, என்னிடம் சொல்லலாமே. தலையைக் குனிந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். சுற்றுகிறாள், பிரிக்கிறாள். இவள் ஏன் காலேஜுக்குப் போகவில்லை? முகம், முகம் என்று சொன்னாள், ஒரு முகத்துக்காக எவளாவது படிப்பை விடுவாளா, எனக்கு ஏன் இது அப்போதே உறைக்கவில்லை. போன வாரம் வாந்தி எடுத்தாள். பித்தம் என்றாள் சுப்புத்தாய். சோற்றைத் தொடுவதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறாள். போனைக் கவிழ்த்து வைக்கிறாள். சித்தி மகள் வளைகாப்புக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள், வளைகாப்பு! ஐயோ. பாஸ்போர்ட் சைஸுக்கு என்று ஒரு பையன் ஒரே மாதத்தில் ரெண்டு தடவை வந்தானே, சுருட்டை முடி, எதற்கு ரெண்டு தடவை, போன தடவை எடுத்ததில் பிரிண்ட் போட்டுத் தாரேன் என்றால் இல்லண்ணே புதுசா எடுங்க என்றான், கடைக்குள்ளே எட்டி எட்டிப் பார்த்தான். அவன் முகத்தையும் நான்தான் துடைத்துக் கொடுத்தேன், உதட்டுக்கு மேலே ஒரு தழும்பு. ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, எவ்வளவு பொருத்தம். சுப்புத்தாயிடம் எப்படிச் சொல்வது? என் மச்சான் முகத்தில் எப்படி முழிப்பது? கடை போர்டில் இவள் பெயர் இருக்கிறதே, ரெண்டடி எழுத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற எல்லோரும் வாசிப்பார்களே. அடித்துவிடுவேனா நான்? இவளை ஒருநாளும் அடித்ததில்லை. என் கையைப் பார்த்தேன். டாக்டர் இன்னும் வாய் திறந்தபடியே இருக்கிறார்.

"...ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் அசைந்தார். "வாய்ப்பே இல்ல டாக்டர்" என்றாள் செண்பகா, கடையில் உப்பு இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற குரலில், நிமிர்ந்து பார்த்து. அவ்வளவுதான். அட கிறுக்குப்பயலே என்று என்னையே மனசுக்குள் வைதேன். என்ன பிள்ளை, என்ன வளர்ப்பு, யார் பிள்ளை இது! வாந்தி பித்தம்தான், சுப்புத்தாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாவம் அந்தச் சுருட்டைமுடிப் பையன், ஏதாவது வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவனாக இருக்கும், அடுத்த தடவை வந்தால் ஒரு பிரிண்ட் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். சாயங்காலம் மார்க்கெட் பக்கம் போய்க் கடலை மிட்டாய் வாங்கிவர வேண்டும், இவளுக்கு எள்ளு போட்டது பிடிக்கும், இப்போதும் பிடிக்குமா, பிடிக்கும். டாக்டர் மறுபடி ஏதோ கேட்கிறார், அதே குரல், அதே அமைதி. "இன்னொரு கேள்வி. இதுவும் எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். மனசு எப்படி இருக்கு செண்பகா? உயிரோட இருக்கவே வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். "சேச்சே, அதெல்லாம் எங்க பிள்ளைக்குக் கெடையாது டாக்டர். எப்பவும் சிரிச்ச மொகம். வேணும்னா கூடத்துல மாட்டிருக்க படத்தக் காட்டுதேன், பாருங்க." டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "சார், செண்பகா சொல்லட்டும்" என்றார். செண்பகா துப்பட்டா நுனியை விட்டுவிட்டாள். "தோணியிருக்கு டாக்டர்." நெட்வொர்க்தான் மறுபடி போய்விட்டது என்று நினைத்தேன், யாரும் அசையவில்லை, சத்தமும் இல்லை. ஆனால் டாக்டர் கண் சிமிட்டினார். வட்டம் எதுவும் சுற்றவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் நின்றுவிட்டது. "எப்பலேர்ந்து?" என்று டாக்டர் கேட்கிறார், செண்பகா சொல்லிக்கொண்டு போகிறாள், என்னிடம் ஒரு வருஷமாக 'ம்', 'சாப்ட்டேன்' தவிர எதுவும் சொல்லாத பிள்ளை, போனில் தெரிகிற யாரோ ஒருவரிடம் வரிசையாகச் சொல்கிறாள். "பொங்கலுக்கு அப்புறம் அதிகமாயிட்டு. பரீட்சை ஹால்ல ஐடி கார்டப் பாத்துட்டு மேடம் இது நீயான்னு கேட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்து சிரிச்சாங்க. அதுகூடப் பரவால்ல டாக்டர். வீட்டுக்கு வந்தா கூடத்துல இருக்கதும் நான் இல்ல. எங்கப்பா எடுத்த ஒரு படத்துலயும் நான் இல்ல. அவங்களுக்கு அந்தப் பிள்ளயத்தான் பிடிக்கும். நான் இல்லாமப் போனாலும் ஒண்ணும் கொறையாதுன்னு தோணும். படம் ரெடியாத்தான் இருக்கு. மால போட வேண்டியதுதான்." நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், டாக்டர் முந்திக்கொண்டார். "சொன்னது ரொம்ப நல்லது செண்பகா. சார், நான் அவங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும். கதவ சாத்திட்டு வெளிய இருங்க. ப்ளீஸ்."

கூடத்தில் நிற்கிறேன். என் வீட்டில் என்னை வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள், நானும் வந்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் பேச்சு கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை. சுவரில் அவள் இருக்கிறாள், பதினாறுக்கு இருபது சைஸ், தங்கக் கலர் ஃபிரேம், பிளஸ் டூ முடித்த அன்று எடுத்தது. மால போட வேண்டியதுதான். எந்த வாயால் சொன்னாள்? எத்தனை நாள் இந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அதை நினைத்திருப்பாள், குழம்பு ஊற்றட்டுமா என்று அவள் அம்மா கேட்டிருப்பாள், நான் டிவி பார்த்திருப்பேன். நன்றாகத்தானே செய்தேன், அவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதானே செய்தேன், ஊரான் வீட்டுப் பிள்ளைக்கே செய்கிறேன், என் பிள்ளைக்குச் செய்யமாட்டேனா. என்ன சந்தோஷப்பட்டாள்? ஒரு தடவையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னாளா? சொன்ன ஞாபகம் இல்லை. ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நான் அவளிடம் கேட்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன். நெற்றி வழவழ. கன்னம் வழவழ. இந்த மாதிரித் தோல் பிறந்த குழந்தைக்குக்கூட இருக்காது, பிறந்தபோது இவள் முகமெல்லாம் சிவந்து தோல் உரிந்து கிடந்தாள், நர்ஸ் கையில் வைத்துக் காட்டினாள், இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம், எள்ளளவு, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன், அதில்தான் முதலில் முத்தம் கொடுத்தேன். மச்சம் எங்கே? கண்ணாடியில் என் நிழல் விழுகிறது, தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். இடது காது இதுதானே. இதுதான். மச்சம் இல்லை. கண்ணாடியை விரலால் துடைத்தேன், தூசி மறைக்கிறதோ என்று. இல்லை. மச்சத்தையும் துடைத்திருக்கிறேன். பருவோடு பருவாக அதுவும் போயிருக்கிறது, இரண்டு வருஷமாக இந்தச் சுவரில் மச்சம் இல்லாமல் யாரோ ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறாள், நான் தினமும் கடைக்குப் போகும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு போகிறேன். கண்ணை மூடி செண்பகாவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், இன்று காலையில் காப்பி குடித்த முகம், வரவில்லை. இந்தப் படம்தான் வருகிறது. மறுபடி முயன்றேன், வரவில்லை. என் பிள்ளை முகம் எனக்குத் தெரியவில்லை. படத்தைக் கழற்றினேன். ஆணியிலிருந்து வரமாட்டேன் என்றது, இழுத்தேன், வந்துவிட்டது. "ஏங்க, எதுக்கு அத எறக்குதீக?" சுப்புத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். இவளிடம் என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது, குக்கர் இறக்கியாச்சா என்று கேட்டேன். என் குரலைக் கேட்டு அவள் முகம் மாறிவிட்டது.

கதவு திறந்தது. செண்பகா. அழுதிருக்கிறாள், துப்பட்டா கழுத்தோடு கிடக்கிறது. என் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "எதுக்குப்பா கழத்துனீங்க?" "ஆணி லூசா இருந்துச்சும்மா" என்றேன். ஆணி அசையாமல் அப்படியே நிற்கிறது, மூன்று பேரும் பார்க்கிறோம். "டாக்டர் கூப்புடுதாங்க" என்றாள். உள்ளே போனேன், சுப்புத்தாயும் பின்னாலேயே வந்தாள். டாக்டர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மாத்திரை இன்றைக்கு இல்லை. முதலில் மனநல டாக்டர் ஒருவர், இன்று சாயங்காலமே பேசுவார், இவரே சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். அதுவரைக்கும் பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்கட்டும். "திட்டாதீங்க சார், அழவும் வேணாம். இதுவும் வைத்தியம் பாக்கற விஷயம்தான். அவங்க வெளிய சொன்னதே பெரிய விஷயம்." சுப்புத்தாய்க்கு ஏதோ புரிந்துவிட்டது. போய்ப் பிள்ளையின் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள், இவளுக்கு மட்டும் எப்படி உடனே என்ன செய்வதென்று தெரிகிறது. "முகத்துக்கு இப்போதைக்கு ஒரு களிம்பு எழுதறேன். அதுக்கு எனக்கு சரியான போட்டோ வேணும் சார். டச்சப் இல்லாம மூணு. லைட் வேணாம், ஜன்னல் வெளிச்சமே போதும்." என் போனை எடுத்தேன். செண்பகா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஸ்டுடியோவில் நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, இங்க பாருங்க, ஒன்றும் வாயில் வரவில்லை. திரையில் அவள் வந்தாள். கன்னத்தில் சிவப்பாக, சில இடத்தில் கருத்து, தாடையோரம் தொட்டால் வலிக்கிற மாதிரி வீங்கி, நெற்றியில் உடைந்து காய்ந்து. எவ்வளவு இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தினமும் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பா, கை ஆடுது" என்றாள். ஆமாம், ஆடுகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஒன்று எடுத்தேன். வலது கன்னம் ஒன்று. இடது கன்னத்தைக் காட்டித் திரும்பினாள், முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மச்சம் இருந்தது. அதே இடத்தில், எள்ளளவு. மச்சத்தோடு சேர்த்துப் படம் எடுத்தேன். மூன்று படமும் வரிசையாக நின்றன. என் கட்டைவிரல் தானாக ஓரத்தில் இருந்த, படத்தைத் திருத்துகிற பென்சில் குறிக்கு மேலே போய் நின்றது. விரலை நான் அங்கே கொண்டுபோகவில்லை, அதுவே போனது. செண்பகா என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல். விரலை எடுத்தேன். அனுப்பு என்பதை அழுத்தினேன். மூன்றும் ஒவ்வொன்றாகப் போயின. ஸ்டாண்டில் இருந்த போனில் டாக்டர் குனிந்து எதையோ பார்த்தார். "வந்துருச்சு சார்" என்றார், "இப்பத் தெரியுது." செண்பகா மூச்சை விட்டாள், எனக்குக் கேட்டது.